கமுதிப் பள்ளம்

செவ்வாய்க் கிரகத்தில் கமுதி என்று ஒரு பள்ளம் இருக்கிறது. மனிதனே இல்லாத ஏதோ ஒரு காலத்தில் வானத்திலிருந்து பெரிய கல் ஒன்று விழுந்து உண்டானது. அங்கே உள்ள சின்னப் பள்ளங்களுக்குப் பூமியில் உள்ள சின்ன ஊர்களின் பெயரைத்தான் வைப்பார்கள். அது விஞ்ஞானிகள் தங்களுக்குள் வைத்துக்கொண்ட வழக்கம். சென்னை, மதுரை எல்லாம் அந்த வரிசையில் நிற்கவே முடியாது. இது தெரிந்த நாளிலிருந்து எங்கள் அம்மாவைக் கையில் பிடிக்க முடியவில்லை.

“தண்ணியில்லாத காட்டுக்கு மாத்துறேன்னு மெரட்டுவாங்கல்ல, அது எங்க ஊருதான். இப்பப் பாரு, தண்ணியில்லாத கிரகத்துலயும் எங்க ஊருக்கு ஒரு எடம் குடுத்துட்டாங்க” என்று தெரு முழுவதும் சொல்லிவிட்டு வந்தாள்.

அம்மா காந்திமதி பிறந்தது கமுதியில். ரயில்வேயில் கார்டாக இருந்த அப்பாவைக் கட்டிக்கொண்டு மதுரைக்கு வந்தவள். அதன்பின் வாழ்நாள் முழுவதும் ஸ்டேஷனுக்குப் பின்னால் இருக்கும் இந்த வீட்டில்தான். ஆனாலும் அவளுக்கு ஊர் என்றால் கமுதி. அந்தப் பெயருள்ள பள்ளத்துக்கே பெற்ற மகன் வேலைக்குப் போகிறான் என்றபோது, போகாதே என்று அழுதவள் பாதி அழுகையிலேயே சிரித்துவிட்டாள்.

மகன் என்றால் என் தம்பி தவசீலன். பள்ளத்தின் தரைக்கு அடியில் உறைந்து கிடக்கும் பனியைத் துளைபோட்டு எடுப்பது அவன் வேலை. ஒரு கம்பெனி பள்ளத்தின் விளிம்பில் நிலையம் கட்டி ஆறு பேரை வைத்திருந்தது. தினமும் விளிம்பிலிருந்து கயிற்றில் தொங்கிச் சரிவில் இறங்க வேண்டும், ஏற வேண்டும். திரும்பி வரும் கப்பல் இரண்டு கிரகங்களும் ஒன்றை ஒன்று நெருங்கும்போதுதான் புறப்படும். நடுவில் யாருக்கு என்ன ஆனாலும் வர முடியாது.

பேசவும் முடியாது. நான் பெண்கள் பள்ளியில் இயற்பியல் டீச்சர். ஒளியின் வேகத்தைக் கரும்பலகையில் எழுதும்போதெல்லாம் எனக்கு எரிச்சலாக வரும். அவ்வளவு வேகம் என்று பிள்ளைகளிடம் பீற்றிக்கொள்கிறோம்; இங்கே “சாப்பிட்டியாடா” என்று கேட்டால் அவன் காதுக்குப் போகக் கால்மணி நேரத்துக்கு மேல் ஆகிறது, பதில் வர மறுபடியும் அவ்வளவு. அதனால் எல்லாமே குரல் சேதிதான். வாரத்துக்கு ஒன்று, ஞாயிற்றுக்கிழமை காலையில் வரும்.

அந்தச் சேதிகளில் அம்மாவும் மகனும் ஒரு விளையாட்டு வைத்திருந்தார்கள். பள்ளத்தின் தரையில் கமுதியை விரித்துவைத்துக்கொள்வது. துளை இயந்திரம் நிற்கும் இடம் பஸ் ஸ்டாண்டு. அங்கிருந்து எப்படிப் போக வேண்டும் என்று அம்மா வழி சொல்வாள். “நேரா போ. எடது பக்கம் எண்ணெய்க் கடை வரும். அதைத் தாண்டிச் சந்துல திரும்பு.” அடுத்த வாரம் அவன் நடந்து பார்த்துவிட்டுச் சொல்வான்: “எண்ணெய்க் கடையில பெரிய பாறை ஒண்ணு உக்காந்திருக்கு. முதலாளி மாதிரியே தொந்தி.” சரிவுக்குக் கீழே ஒரு தட்டைப் பாறைதான் அம்மா பிறந்த வீடு. மத்தியானம் அந்தப் பாறை நிழலில் உட்கார்ந்து சேதி பேசி அனுப்புவான்.

விளையாட்டு பாதியில் சண்டையாகிவிடும். அவன் நடுச் சந்தில் திரும்பியிருப்பான், அம்மா கத்துவாள். “ஒனக்கு எத்தனை தடவைடா சொல்றது!” அவன் திருப்பிக் கத்துவான். “நீ சொன்ன லெட்சணம் அப்படி!” இரண்டு பேரும் அடுத்தவர் குரல் வந்து சேரும் வரை கோபத்தைப் பத்திரமாக வைத்திருந்து கத்துவார்கள். பார்க்க எனக்கும் அப்பாவுக்கும் அதைவிடப் பொழுதுபோக்கு கிடையாது.

அம்மாவுக்கு இதயம் பலவீனம். அந்த வருஷம் ஐப்பசியில் இரண்டாம் முறையாக ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். கட்டிலில் படுத்தபடியே மகனுடைய சேதியைக் கேட்டாள். வழக்கம்போலத் திட்டிப் பதில் பேசி அனுப்பினாள். அதற்கு வந்த பதிலைக் கேட்டுவிட்டு என் கையைப் பிடித்தாள்.

“என்னடி இவன் இப்பெல்லாம் எதுக்கெடுத்தாலும் சரிம்மா, சரிம்மாங்கிறான்? ஒடம்பு கிடம்பு சரியில்லையா அவனுக்கு?”

“வயசாகுதுல்லம்மா. புத்தி வந்திருக்கும்” என்றேன்.

“அவனுக்கா?” என்று சிரித்தாள். இரண்டு நாள் கழித்து, அந்தச் சேதியை மறுபடியும் போடச் சொல்லிக் கேட்டுக்கொண்டிருக்கும்போதே போய்விட்டாள்.

தம்பி இல்லாததால் அப்பாவே கொள்ளி வைத்தார். சுடுகாட்டிலிருந்து திரும்பி, குளித்து, ஈரத்தலையோடு எல்லோரும் உட்கார்ந்திருந்தபோது அம்மாவின் தம்பி கோட்டைச்சாமி மாமா முதலில் வாய் திறந்தார்.

“தவத்துக்கு யாரும் சொல்லிடாதீக.”

“அதெப்படி மாமா? பெத்த அம்மா!”

“ஏ தாயி, நான் சொல்றதைக் கேளு. சொன்னா அவன் என்ன செய்வான்? வர முடியுமா? மொகத்தைப் பாக்க முடியுமா? தலைக்குக் கண்ணாடிக் குடுவையை மாட்டிக்கிட்டுக் கயித்துல தொங்குற பய. அழுதா கண்ணைத் தொடைக்கக்கூட முடியாது. கண்ணு மறைச்சுக் கையை விட்டான்னா? ஒண்ணு போனது போதும்.”

மாமாவுக்கு இதைச் சொல்ல எல்லா உரிமையும் இருந்தது. அவர் சவுதியில் லாரி ஓட்டிக்கொண்டிருந்த காலத்தில் எங்கள் தாத்தா இறந்துபோனார். தனியாக இருக்கிறவன், தாங்க மாட்டான் என்று வீட்டில் மறைத்துவிட்டார்கள். மறைக்கச் சொன்னது அம்மாதான். மாமா லீவில் தாத்தாவுக்காக மூன்று கட்டை டார்ச் லைட் வாங்கிக்கொண்டு வந்து இறங்கினார். கூடத்தில் மாலை போட்ட படம் மாட்டியிருந்தது.

“அன்னைக்கு எங்க அக்காவை அடிக்கப் போயிட்டேன். ஆனா பெறகு யோசிச்சுப் பாத்தா, சொல்லியிருந்தா அந்த மணல்லயே வண்டியைக் கொண்டுபோய்க் கவுத்திருப்பேன். அவ செஞ்சது சரிதான். அவளுக்கு அவ செஞ்சதையே செய்வோம்.”

அப்பாவைப் பார்த்தேன். “எனக்கு ஒண்ணும் ஓடலை அரசி. நீங்களா பாத்து என்னமும் செய்யுங்க” என்றார்.

மறைப்பது இந்தக் காலத்தில் சுலபம். ஒருவர் அனுப்பிய பழைய சேதிகளையெல்லாம் கொடுத்தால், அவர் குரலிலேயே, அவர் பேசுகிற மாதிரியே புதிய சேதிகளைப் பேசித்தரும் இயந்திரம் வந்துவிட்டது. துணைக்குரல் என்று பெயர். நேருக்கு நேர் பேசினால் மாட்டிக்கொள்ளும். அரைமணி நேரம் கழித்துத்தான் பதில் என்றால் யாராலும் கண்டுபிடிக்க முடியாது. ஒளியின் வேகம் முதல்முறையாக எனக்கு உதவியது.

ஆனால் இயந்திரத்திலிருந்து வந்த அம்மா தேனாகப் பேசினாள். “என் ராசா, பத்திரமா இருய்யா” என்றாள். எங்கள் அம்மா யாரையும் ராசா என்று கூப்பிட்டதில்லை. அந்தச் சேவையில் ஒரு பையனைப் பிடித்துச் சண்டை போட்டேன்.

“எங்கம்மா திட்டவே மாட்டேங்குது.”

“மேடம், பொதுவா எல்லாரும் அன்பாப் பேசுறதைத்தான் கேப்பாங்க. அதனால நாங்களே கொஞ்சம் பதமா வச்சிருப்போம். எவ்வளவு திட்டணும்னு சொல்லுங்க, ஏத்திடலாம்.”

“நல்லா ஏத்துங்க.”

ஏற்றினான். அடுத்த சேதியில் அம்மா வெளுத்து வாங்கினாள். அப்பா எழுந்து கொல்லைப்பக்கம் போய் வெகுநேரம் நின்றுவிட்டு வந்தார்.

அதன்பின் ஞாயிற்றுக்கிழமை என்றால் அப்பா குளித்து வெளுத்த வேட்டி கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். அம்மா பேசப்போவதை முதலில் கேட்பார். மகன் பேசியதைப் பிறகு கேட்பார். இடையில் கண்ணை மூடிக்கொள்வார். இது தப்பு என்று எனக்குத் தெரியும். இந்த மனுஷனிடமிருந்து அதைப் பிடுங்க எனக்குத் தைரியம் வரவில்லை.

தம்பி எல்லாவற்றுக்கும் “சரிம்மா” என்றான். திட்டினாலும் சரிம்மா. தூரதேசம் மனிதனைப் பக்குவப்படுத்துகிறது என்று நினைத்துக்கொண்டேன். அவன் பக்குவப்பட்டது எனக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை.

மாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாமாவும் வந்திருந்தார். முந்தின வாரம் அனுப்பிய அம்மாவின் சேதியையும் அதற்குத் தம்பியின் பதிலையும் சேர்த்துப் போட்டேன். அம்மா வழி சொல்லிக்கொண்டிருந்தாள்: “சந்தைத் தெருவைத் தாண்டினா ரயிலடி வரும். தண்டவாளத்தைத் தாண்டி அந்தப் பக்கம் போ.”

மாமா நிமிர்ந்தார். “ஏய், நிறுத்து. ரயிலடியா? எங்க ஊர்ல ஏது ரயிலு?”

எனக்குப் புரிந்துவிட்டது. இயந்திரம் அம்மா பேச்சிலிருந்து மதுரையை எடுத்துக் கமுதியில் சொருகிவிட்டது. வாழ்நாளெல்லாம் ரயில் சத்தத்துக்கு நடுவில் பேசியவள் அல்லவா. “அய்யோ, மாட்டிக்கிட்டோம் மாமா” என்றபடியே தம்பியின் பதிலை ஓடவிட்டேன்.

“சரிம்மா. ரயிலடிக்குப் போனேன். தண்டவாளத்தைத் தாண்டி வந்துட்டேன். நல்லா இருக்கு.”

கமுதியை மனப்பாடமாக வைத்திருந்த பயல் அவன். நடுச் சந்துக்கே ஒரு மாதம் சண்டை போட்டவன். ரயிலடி என்று கேட்டால் கிரகமே அதிரச் சிரித்திருக்க வேண்டும்.

“கண்டுபிடிச்சுட்டான்யா” என்றார் மாமா மெதுவாக. “என்னைக்கோ கண்டுபிடிச்சுட்டான். நாம வருத்தப்படக் கூடாதுன்னு நடிக்கிறான்.”

எனக்கும் அப்படித்தான் தோன்றியது. சரிம்மா, சரிம்மா என்று அவன் சொன்னதன் அர்த்தம் இப்போது விளங்கிவிட்ட மாதிரி இருந்தது. அம்மா இல்லை என்று தெரிந்து, அந்தப் பாறை நிழலில் தனியாக அழுது, அதை எங்களிடம் காட்டாமல் அம்மா குரலுக்கு விசுவாசமாகப் பதில் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறான். அப்பா தலையைக் குனிந்து வேட்டி நுனியைத் திருகிக்கொண்டிருந்தார்.

“சொல்லிரு தாயி. இனிமே மறைச்சா அது பாவம்” என்றார் மாமா. சொல்லிவிட்டு, பஸ்ஸுக்கு நேரமாச்சு என்று கிளம்பினார். அவராலும் அங்கே நிற்க முடியவில்லை.

அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். இயந்திரத்தைத் தொடாமல் என் சொந்தக் குரலில் பேசினேன்.

“தவம், அக்கா பேசுறேன்டா. அம்மா போயிட்டாடா. ஐப்பசியிலயே போயிட்டா. ஒனக்குத் தெரியும்னு எனக்குத் தெரிஞ்சுபோச்சு. நீ ஒண்டியா அழ வேணாம். என்கூடச் சண்டை போடுடா. ஏன் மறைச்சேன்னு கேளு. நல்லாத் திட்டு.”

அனுப்பிவிட்டு உட்கார்ந்திருந்தேன். இனி அது போய்க்கொண்டிருக்கும். திரும்பக் கூப்பிட முடியாது. வெளியே அப்பா டிவி போட்டு உடனே அணைத்தார். பாத்திரம் கழுவினேன். கழுவியதையே மறுபடி கழுவினேன். பிறகு அறைக்குத் திரும்பிக் கதவைச் சாத்திக்கொண்டேன்.

நான் கணக்குப் போட்ட நேரத்தைவிட வெகுநேரம் கழித்துத்தான் பதில் வந்தது. அது தம்பியின் குரல் இல்லை. ஒரு பெண்.

“அக்கா, என் பேர் பிரிசில்லா. தூத்துக்குடிக்காரி. தவசீலன்கூட இங்க வேல பாக்கேன். நீங்க அனுப்பினதக் கேட்டோம். எப்படிச் சொல்லன்னு தெரியாம இம்புட்டு நேரம் உக்காந்திருந்தோம் அக்கா. மன்னிச்சிருங்க.

“அவரு இப்ப இல்லக்கா. ஆடி மாசமே. சரிவுல எறங்கும்போது விளிம்பு பேந்து சரிஞ்சிட்டு. மேல நின்னவங்க பாத்துக்கிட்டேதான் நின்னாங்க, ஒண்ணும் செய்ய முடியல.

“இங்க வாறதுக்கு முன்னாலயே கம்பெனில கேப்பாங்க. ஒங்களுக்கு ஒண்ணு ஆனா வீட்டுக்கு எப்பச் சொல்லணும், ஒடனேயா, கப்பல் திரும்பும்போதான்னு. அவரு சொன்னது எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. எங்க அம்மாவுக்கு நெஞ்சு தாங்காது, அவங்களுக்குச் சொல்லக் கூடாது, அக்காகிட்டயும் சொல்லாதீங்க, அவ மூஞ்சியப் பாத்தே அம்மா கண்டுபிடிச்சிரும்னாரு. அதுக்குப் பெறகு அவரு குரல்ல பேசுனது துணைக்குரல்தான்.

“அம்மா சேதி வந்தா நாங்க எல்லாரும் கூடி உக்காந்து கேப்போம் அக்கா. அவுக திட்டுறது எங்க எல்லாருக்கும் ஒரு தெம்பு. அம்மாவாவது நல்லா இருக்காவளேன்னு நெனச்சுத்தான…”

அந்த வாக்கியத்தை அவள் அப்படியே விட்டுவிட்டாள். பிறகு சொன்னாள்: “அவர அங்கேயே வச்சிட்டோம் அக்கா. அம்மா வீடுன்னு சொல்லுவாருல்லா, அந்தத் தட்டப் பாறைக்கிட்ட. வேற எங்க வைக்கன்னு தெரியல.”

நான் அழவில்லை. தலைக்குள் ஆடி, ஆவணி, புரட்டாசி, ஐப்பசி என்று மாதங்கள்தான் ஓடின. அப்படியானால் ஆஸ்பத்திரியில் அம்மா கேட்டது? கேட்டபடியே கண்ணை மூடினாளே, அது? அவளுக்கு மட்டும் சந்தேகம் வந்தது. உடம்பு சரியில்லையா என்று கேட்டாள். புத்தி வந்திருக்கும் என்று நான்தான் அவள் வாயை அடைத்தேன்.

ஐப்பசியிலிருந்து இன்றுவரை வாராவாரம் இரண்டு இயந்திரங்கள் ஒன்றுக்கொன்று ஆறுதல் சொல்லிக்கொண்டிருந்திருக்கின்றன. இல்லாத தாய் இல்லாத மகனுக்கு வழி சொல்ல, அவன் இல்லாத ரயிலடியைத் தாண்டியிருக்கிறான். நடுவில் நான் திட்டும் அளவை ஏற்றச் சொல்லிச் சண்டை போட்டிருக்கிறேன்.

யாரைத் திட்டுவது? மாமாவையா? கம்பெனியையா? தம்பியையா? எல்லோரும் பாசத்தில்தான் செய்தார்கள். திட்டுவதற்கு ஒரு ஆள் கிடைத்திருந்தால்கூட எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

கதவு தட்டப்பட்டது.

“அரசி.” அப்பாவின் குரல். “சொல்லிட்டியாம்மா?”

“சொல்லிட்டேன்பா.”

“பதில் வந்துச்சா?”

கதவைத் திறந்தேன். வெளுத்த வேட்டியோடு நின்றுகொண்டிருந்தார். பெண்டாட்டிக்குக் கொள்ளி வைத்துவிட்டு வந்த நாளில்கூட அவர் முகத்தில் இவ்வளவு பயத்தை நான் பார்த்ததில்லை. கண்ணாடியைக் கழற்றிக் கழற்றித் துடைத்தார்.

“என்ன சொன்னான்? ரொம்ப அழுதானா? நான் இருக்கேன்னு சொன்னியா? நான் பேசுறேன்மா அவன்கிட்ட. எனக்கு இனி அவன்தானம்மா…”

என் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவார் என்று திரும்பிக்கொண்டு, மேசையில் இல்லாத எதையோ தேடினேன்.

“அழுதான்பா. இப்பப் பரவாயில்ல. ஒங்களத்தான் கேட்டான்.”

“கேட்டானா?”

“ஆமாப்பா. அடுத்த வாரம் ஒங்களப் பேசச் சொன்னான்.”

அவர் சமையலறைக்குப் போய்த் தண்ணீர் குடிக்கிற சத்தம் கேட்டது. நான் கதவை மறுபடி சாத்தினேன். பிரிசில்லாவுக்கு ஒரே ஒரு வரிதான் அனுப்ப முடிந்தது. “நிறுத்திராதீங்கம்மா. அப்பா இருக்காரு.”

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அப்பா தன் சொந்தக் குரலில் பேசினார். அவருக்கு இதெல்லாம் பழக்கமில்லை. மைக்கைப் பார்த்து, ரயில் கிளம்பும் அறிவிப்பு மாதிரி உரக்கப் பேசினார்.

“தவம், அப்பா பேசுறேன். அம்மா போனதுல நீ மனசு ஒடைஞ்சு போகாத. அவ நல்லபடியாத்தான் போனா, ஒன் கொரலைக் கேட்டுக்கிட்டேதான் போனா. கமுதியில ரயிலடி கிடையாதுடா, அது மிஷினு ஒளறினது. நீ அதைத் தாண்டி எங்கயும் போயிராத. இப்ப எங்க இருக்க? கயித்தைக் கெட்டியாப் பிடிச்சுக்க. என்ன?”

பதில் வரும் வரை நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. நான் பக்கத்திலேயே நின்றேன். வேறு எங்கும் போகவும் முடியவில்லை. வந்ததும் போட்டேன்.

“சரிப்பா. நான் எங்கயும் போகலை. அம்மா வீட்டுப் பக்கத்துலயேதான் இருக்கேன்.”

அப்பா கண்ணை மூடிக்கொண்டார். பிறகு என்னைப் பார்த்துப் பெருமையாகச் சிரித்தார்.

“பாத்தியா? ஒங்கம்மாகிட்டன்னா மல்லுக்கு நிப்பான். எனக்குன்னா ஒரே வார்த்தை, சரிப்பா. இன்னொரு தடவை போடும்மா.”

போட்டேன்.